சண்டைக்கார டாங் மீனோடு யாரை விடலாம்? புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆரம்பிக்கும் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது டாங் மீன்தான், வாலடியில் கத்திபோன்ற முள் உள்ள பவளப்பாறை மீன். மஞ்சள் டாங், ப்ளூ டாங், பர்ப்பிள் டாங், பவுடர் ப்ளூ என்று கடையில் வரிசையாக நீந்தும்போது எதை விடுவது என்றே தெரியாது. ஆசைப்பட்டு வாங்கி வந்து விட்ட மறுநாள் பார்த்தால், ஏற்கெனவே இருந்த மீனின் துடுப்பு கிழிந்திருக்கும். இல்லையென்றால் புதிதாக வந்தது ஓவர்ஃப்ளோ பெட்டியை (தொட்டித் தண்ணீர் வழிந்து வெளியேறும் பெட்டி) ஒட்டி ஒடுங்கிக் கிடக்கும். “இது ரவுடி மீன், நமக்குச் சரிப்படாது” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. டாங் சும்மா அடிப்பதில்லை. எதற்காக அடிக்கிறது என்று புரிந்துகொண்டு, எந்த மீனை எப்போது விடுவது என்ற வரிசையைச் சரியாக அமைத்தால் பெரும்பாலான டாங்குகள் மற்ற மீன்களோடு பல வருடம் நிம்மதியாக இருக்கும்.

இங்கே பவுடர் ப்ளூவையே முக்கிய உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அது நம் பக்கத்துக் கடல் மீன். மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கை, அந்தமான் பவளப்பாறைகளில் வாழ்வது. சண்டைக்கும் பேர்போனது, வெள்ளைப்புள்ளி நோய்க்கும் பேர்போனது. முதல் டாங்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கான ஏற்பாடுகள் தெரிந்துவிட்டால் மற்ற டாங்குகளை வைத்திருப்பது சுலபம்.

எதற்காக அடிக்கிறது?

டாங் மேய்ச்சல் மீன். பாறைமேல் படரும் மெல்லிய பாசியைப் பகல் முழுக்கக் கொரித்துக்கொண்டே இருக்கும். அலை உடையும் பாறை விளிம்பில் வெளிச்சமும் நீரோட்டமும் அதிகம் என்பதால் அங்கேதான் பாசி செழிப்பாக வளரும். செங்கடல் பக்கத்தில் சோஹால் டாங்கும், இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் க்ளௌன் டாங்கும் அந்த விளிம்பில் ஆளுக்கொரு துண்டு இடத்தைப் பிடித்துவைத்துக் காவல் காக்கும். பாசி தின்னும் வேறு மீன் உள்ளே வந்தால் துரத்தும். மேலே மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும் மீன்கள் பக்கத்திலேயே நீந்தினாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கன்விக்ட் டாங் போன்ற சாதுவான மீன்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. பெரும் கூட்டமாக வந்து இறங்கும். காவல்காரன் ஒன்றைத் துரத்துவதற்குள் மற்றவை மேய்ந்து முடித்துவிடும்.

இதே கணக்குதான் தொட்டிக்குள்ளும். தன் தீனியையே தின்னும் மீன், தன்னைப் போன்ற உருவமுள்ள மீன், தனக்குப் பிறகு வந்த மீன் – இந்த மூன்றில் எத்தனை பொருந்துகிறதோ அந்த அளவுக்கு அடி விழும். மூன்றும் பொருந்தினால் அந்த மீன் பிழைப்பது கஷ்டம். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

ஆயுதம் வாலடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கத்தி முள், சின்னப் பள்ளத்துக்குள் மடங்கியிருக்கும். வாலை வளைக்கும்போது வெளியே நீட்டிக்கொள்ளும். நேசோ டாங் வகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்துக்கு இரண்டு, அவை மடங்காமல் நிலையாக நிற்கும். வெட்டுக் காயத்தால் நேரடியாகச் சாகும் மீனைவிட, துரத்தலுக்குப் பயந்து சாப்பிடாமல் கிடந்து நோய் பிடித்துச் சாகும் மீன்தான் அதிகம். அதனால் காயம் இல்லை என்பதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

தொட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்

டாங்குக்கு லிட்டர் கணக்கைவிட நீளக் கணக்கு முக்கியம். ஓடுகிற மீன் ஓடித் தப்பிக்க இடம் வேண்டும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 450 லிட்டர். இதில் டோமினி டாங், கோல் டாங் போன்ற சிறிய வகை ஒன்று இருக்கலாம். பவுடர் ப்ளூ வேண்டுமென்றால் 6 அடிக்குக் குறையாதீர்கள். அதே அகல உயரத்தில் அது சுமார் 680 லிட்டர் வரும். சோஹால் 40 செ.மீ. வரை வளரும். 8 அடித் தொட்டி இருந்தாலும் அதை ஒரே டாங்காக வைப்பதுதான் நல்லது. வீட்டுத் தொட்டிக்கு அந்த மீனே வேண்டாம் என்பது என் கருத்து. “இப்போ குட்டியாத்தானே இருக்கு” என்று 3 அடித் தொட்டியில் விடுவது மீனுக்குச் செய்யும் அநியாயம்.

பாறையை ஒரே சுவராகப் பின்கண்ணாடியில் சாய்த்து அடுக்காதீர்கள். இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து, நடுவில் நீந்திப் போக வழி விடுங்கள். ஒரு மீன் பார்வையிலிருந்து இன்னொன்று மறையத் திருப்பங்கள் வேண்டும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் உள்ள பொந்தில் மாட்டிக்கொண்ட மீன் உள்ளேயே அடி வாங்கும். டாங்குகள் இரவில் ஒரு இடுக்கில் ஒதுங்கித் தூங்கும் பழக்கம் உள்ளவை, எனவே டாங்குகளின் எண்ணிக்கையைவிடப் படுக்கும் இடங்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். பாறைக்காகக் கடலில் எடுத்த பவளத்தைத் தேடிப் போகாதீர்கள். இந்தியாவில் கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செயற்கைப் பாறை ஆறேழு மாதத்தில் நன்றாகவே பாசி பிடித்துவிடும்.

அலை அடிக்கும் இடத்து மீன் என்பதால் நீரோட்டமும் ஆக்சிஜனும் தாராளமாக வேண்டும். தொட்டியின் இரு முனையிலும் வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்), கூடவே நல்ல ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி). வெப்பம் 25–26 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். சென்னை, மதுரை வெயிலில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இந்த வெப்பத்தை நிறுத்த முடியாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கரண்ட் போனால் முதலில் மூச்சு வாங்குவது டாங்காகத்தான் இருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். தொட்டி ஓட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகும் வரை எந்த டாங்கும் வேண்டாம்.

எந்த டாங், அதோடு யார்?

ஒரே பேரினத்து டாங்குகளைச் சேர்க்காமல் இருப்பதுதான் அடிப்படை விதி. மஞ்சள், பர்ப்பிள், ஸ்கோபஸ், செயில்ஃபின் எல்லாம் ஸீப்ரசோமா. பவுடர் ப்ளூ, பவுடர் பிரவுன், அக்கிலீஸ், க்ளௌன், சோஹால் எல்லாம் அகாந்தூரஸ். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். அனுபவசாலிகள் ஐந்தாறு மஞ்சள் டாங்குகளை ஒரே நாளில் பெரிய தொட்டியில் விட்டுச் சமாளிப்பார்கள். அது புதியவர்களுக்கான வேலை இல்லை.

முதல் டாங்காக நான் சொல்வது கோல் அல்லது டோமினி. இவை ப்ரிஸில்டூத் வகை. பல் சீப்புபோல மெல்லியதாக இருக்கும், அதை வைத்துப் பாறையிலும் கண்ணாடியிலும் படியும் படலத்தை வழித்துத் தின்னும். கண்ணாடியில் இது மேய்ந்த இடத்தில் உதடு பதிந்த வட்டம் வட்டமான தடங்கள் தெரியும். தீனி கொஞ்சம் வேறு என்பதால் பவுடர் ப்ளூவோடு உரசல் குறைவு. ப்ளூ டாங் பெரும்பாலும் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்பது, அதனால் அதையும் சேர்க்கலாம். ஆனால் 30 செ.மீ. வரை வளரும் என்பதை மறக்க வேண்டாம். மஞ்சள் டாங் எடுப்பதானால் தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சு கிடைக்கிறதா என்று கேளுங்கள். 2015-இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் முதன்முதலாக இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தெடுத்தார்கள், அதற்குப் பிறகு பண்ணைக் குஞ்சுகள் விற்பனைக்கும் வந்துவிட்டன. சின்ன வயதிலிருந்தே குறுணைத் தீனி சாப்பிட்டுப் பழகியவை என்பது பெரிய வசதி.

டாங் அல்லாத துணைகள் என்றால் க்ளௌன் மீன், பங்காய் கார்டினல், க்ரோமிஸ், ஆந்தியாஸ், ஃபேரி ராஸ், ஹாலிகோரஸ் ராஸ் இவற்றோடு பெரும்பாலும் பிரச்சினை வராது. உருவமும் வேறு, தீனியும் வேறு. நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் பாசி தின்றாலும் தாக்குப்பிடிக்கும். அதன் முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் டாங் ஒன்றிரண்டு முறை மோதிப் பார்த்துவிட்டு விலகிவிடும். அந்த முள்ளில் நம் கையும் படக்கூடாது.

லான்மோவர் ப்ளென்னியை மட்டும் சண்டைக்கார டாங்கோடு விடாதீர்கள். அதன் வேலையே பாசி மேய்வது. குட்டி ஏஞ்சல் வகைகளும் பாறையை மேய்பவைதான், விட்டால் கண்காணிப்பு வேண்டும். கடற்குதிரை, மாண்டரின் போன்ற நிதானமாகத் தின்னும் மீன்களை டாங் அடிக்காவிட்டாலும் அவற்றுக்குத் தீனி மிஞ்சாது. ஃபயர்ஃபிஷ் பயந்த சுபாவம், பெரிய டாங் வேகமாகக் குறுக்கே போனாலே துள்ளி வெளியே விழுந்துவிடும். எந்த மீனானாலும் தொட்டிக்கு மேலே வலை மூடி போட்டுவிடுங்கள்.

விடும் வரிசை

சாது முதலில், முரடன் கடைசியில். 6 அடித் தொட்டிக்கு நான் சொல்லும் வரிசை இது: க்ளௌன், கார்டினல், ஆந்தியாஸ், ராஸ் எல்லாம் முதலில் போய் இடம் பிடிக்கட்டும். அப்புறம் கோல் டாங். சில வாரம் கழித்து ப்ளூ டாங். பிறகு மஞ்சள். பவுடர் ப்ளூ கடைசி. மஞ்சளையும் பவுடர் ப்ளூவையும் ஒரே நாளில் விடுவதும் நல்ல வழிதான், இரண்டுக்கும் அது புது இடம். புதிதாக வரும் சாதுவான டாங், ஏற்கெனவே இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. பவுடர் ப்ளூவைப் பொறுத்தவரை நேர்மாறாக, இருக்கும் டாங்குகளைவிடச் சிறியதாக, 8 முதல் 10 செ.மீ. அளவில் பார்த்து எடுங்கள்.

கடையில் வாங்கும்போது கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். வயிறு உள்ளே ஒட்டியிருந்தாலோ, முதுகு கத்தி விளிம்பாகக் கூர்ந்திருந்தாலோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இதில் தயவு தாட்சண்யமே பார்க்கக் கூடாது.

குவாரன்டைனைத் தவிர்க்காதீர்கள்

டாங்கின் உடல்மேல் இருக்கும் வழுவழுப்புப் படலம் மெல்லியது, அதனால் க்ரிப்டோகாரியான் என்னும் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி இதைத்தான் முதலில் பிடிக்கும். அதிலும் பவுடர் ப்ளூ முதல் வரிசை. ஒட்டுண்ணி மீனிலிருந்து கீழே உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெடித்துக் கிளம்பும். புள்ளி மறைந்ததைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் அடுத்த அலை வரும். சண்டையும் நோயும் ஒன்றோடொன்று பிணைந்தவை. துரத்தப்படும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து முதலில் அதற்குத்தான் புள்ளி வரும்.

அதனால் புதிய மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் பாறை, மணல் இல்லாத தனித் தொட்டியில் 30 நாள் வையுங்கள், இதுதான் குவாரன்டைன். ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போதும். தாமிர மருந்து போடுவதானால் அந்தத் தயாரிப்பின் லேபிளில் உள்ள அளவைத்தான் பின்பற்ற வேண்டும். ஒரு வகைத் தாமிர மருந்துக்குச் சரியான அளவு இன்னொரு வகைக்குப் பல மடங்கு அதிகமாகிவிடும். தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். நத்தை, இறால், பவளம் இருக்கும் தொட்டியில் தாமிரம் ஒரு சொட்டும் கூடாது. பெரிய தொட்டிக்குள் நோய் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்துச் சிகிச்சை கொடுத்து, தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட வேண்டும் என்பதுதான் வழக்கமான கணக்கு. அந்த அவஸ்தையோடு ஒப்பிட்டால் 30 நாள் ஒன்றுமே இல்லை.

அறிமுகப் பெட்டி

சண்டையைக் குறைக்க ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். துளை போட்ட தெளிவான அக்ரிலிக் பெட்டி, பெரிய தொட்டியின் உள்பக்கம் தொங்கவிடுவது. குவாரன்டைன் முடிந்த மீனை நேராகத் தொட்டிக்குள் விடாமல் இதில் விட வேண்டும். உள்ளே ஒரு பிவிசித் துண்டும் வையுங்கள். பெட்டியைத் தொங்கவிடும் முன் பாறைகள் சிலவற்றை இடம் மாற்றிவிடுங்கள், பழைய எல்லைகள் குழம்பிப்போகும்.

பெட்டி இறங்கிய சில நிமிடத்தில் பழைய டாங் வந்து நிற்கும். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் விறைப்பாக விரித்து, தன்னால் முடிந்த அளவு பெரிதாகக் காட்டும். நிறம் கருக்கும், அல்லது வெளிறும். அப்புறம் வாலை அக்ரிலிக் பக்கம் திருப்பி ஒரு அடி. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் நமக்கே கேட்கும். உள்ளே இருப்பது சுவரோரம் ஒட்டிக்கொள்ளும், அல்லது அதுவும் பதிலுக்கு வாலைத் திருப்பும். பதறி உடனே பெட்டியை எடுத்துவிடாதீர்கள். இந்த ஆத்திரமெல்லாம் அக்ரிலிக்மேல் தீர்வதற்குத்தான் பெட்டியே.

மூன்றிலிருந்து ஏழு நாள் வரை இப்படியே இருக்கட்டும். பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒரே நேரத்தில் நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) கட்டுங்கள், பெட்டிச் சுவரின் இரண்டு பக்கமும் நின்று இரண்டும் சாப்பிட வேண்டும். பழைய டாங் பெட்டியைத் தாண்டிப் போகும்போது துடுப்பை விரிக்காமல், நிற்காமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஒரு முழு நாள் போனால் விடலாம். ஏழு நாள் ஆகியும் வால் அடி நிற்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் நீட்டுங்கள், அவசரம் வேண்டாம்.

விடும் நாளில் முதலில் எல்லோருக்கும் வயிறு நிறையத் தீனி. விளக்கு அணைந்து அறை வெளிச்சம் மட்டும் இருக்கும்போது பெட்டியைச் சாய்த்து, மீன் தானாக வெளியே வரட்டும். மறுநாள் காலை விளக்கு எரியும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், எனவே விடுமுறைக்கு முந்தின நாளாகப் பார்த்து விடுங்கள். இன்னொரு உதவி: வெளிப்பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் முரட்டு டாங் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், புதிய மீனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதையே வாரக்கணக்கில் விட்டுவைக்காமல் சில நாளில் எடுத்துவிடுங்கள்.

தீனி

காலையில் ஒரு வேளை போட்டுவிட்டு இரவு வரை பட்டினி போடுவது டாங் தொட்டியில் சண்டையை நாமே வளர்ப்பது. பகல் முழுக்க மேயும் மீனுக்குப் பகல் முழுக்க ஏதாவது இருக்க வேண்டும். உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரித் தாளைக் கிளிப்பில் மாட்டி, தொட்டியின் இரண்டு முனையிலும் வையுங்கள். ஒரே கிளிப் இருந்தால் முரடன் அதற்குக் காவல் நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் காக்க அதனால் முடியாது. கூடவே ஸ்பிருலினா குறுணையும் மைசிஸும் (இறால்போன்ற சிற்றுயிர்) இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ராமநாதபுரம் கரையில் கிடைக்கும் கஞ்சிப்பாசி டாங்குக்கு மிகவும் பிடிக்கும். நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

சண்டை அடங்கவில்லை என்றால்

முதல் இரண்டு மூன்று நாள் துரத்தல், துடுப்பு விரிப்பு, ஒன்றிரண்டு வால் அடி எல்லாம் சகஜம். அடி வாங்கும் மீன் இடையிடையே வெளியே வந்து சாப்பிடுகிறது என்றால் பொறுத்திருங்கள். சாப்பிட வராமல் மூலையிலோ தண்ணீர்ப் பரப்பை ஒட்டியோ நின்றால், மூச்சு வேகமாக வாங்கினால், விலாவில் நீளக் கோடாக வெட்டு விழுந்தால், அன்றே தலையிட வேண்டும்.

அப்போது வெளியே எடுக்க வேண்டியது அடிக்கிற மீனை. எல்லோரும் அடிவாங்கும் மீனைத்தான் எடுப்பார்கள். அது மறுபடி உள்ளே போகும்போது இன்னொரு முறை ‘புதிய மீன்’ ஆகி, இன்னொரு முறை அடி வாங்கும். முரடனை அறிமுகப் பெட்டியிலோ சம்ப்பிலோ (வடிகட்டும் துணைத் தொட்டி) ஒரு வாரம் வைத்து, அதற்குள் பாறையை மாற்றி அடுக்கி, மற்றவை இடம் பிடித்த பிறகு திரும்ப விடுங்கள்.

பிடிக்கும்போது வலை வேண்டாம். வால் முள் வலையில் சிக்கிக்கொண்டால் மீனுக்கும் காயம், விடுவிக்கப் போகும் கைக்கும் காயம். நோரி வைத்த பொறிப் பெட்டியில் பழக்கிப் பிடியுங்கள், அல்லது தெளிவான பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு சேர்த்து அள்ளுங்கள். கையில் வெட்டுப்பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ஆழமாக இருந்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள், கடல்நீர்த் தொட்டிக் காயம் என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டு முறை வெளியே எடுத்துத் திரும்ப விட்டும் அடங்காத மீன் அந்தத் தொட்டியில் அடங்காது. பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அமைதியாகப் போகும் தொட்டியிலும் மீன்கள் வளர வளர மறுபடி உரசல் வரலாம். 8 செ.மீ. குட்டியாக வந்த பவுடர் ப்ளூ 20 செ.மீ. ஆகும்போது அதன் எல்லையும் அகலும். நோரி வைக்கும் நேரத்தில் எந்த மீன் கிளிப்புக்கு வரவில்லை என்று தினமும் எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஒன்று குறைந்தால், பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடிவிடுங்கள்.